35 பவுண்டு வில்லுக்கு 500 ஸ்பைன் அம்பு எதற்கு? சோதனைத் தண்டுக் கட்டு: ஒரு மதிப்பீடு

புதுச்சேரியிலோ கடலூரிலோ மரவில் வைத்திருப்பவருக்கு அம்பைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் வசதி குறைவு. நேரு வீதியிலோ மஞ்சக்குப்பத்திலோ விளையாட்டுச் சாமான் கடைக்குள் போனால் பெரும்பாலும் கிரிக்கெட் மட்டையும் ஷட்டில் காக்கும்தான். அம்பு கேட்டால் ரப்பர் உறிஞ்சி வைத்த பொம்மையை எடுத்துக் காட்டுவார்கள். ஆக, எல்லாம் கூரியரில்தான் வந்தாக வேண்டும். தேடினால் முதலில் வந்து நிற்பது, "30–50 பவுண்டு வில்லுக்கு ஏற்றது" என்று போட்ட ஒரு டஜன் கார்பன் அம்பு. 500 ஸ்பைன் (தண்டின் விறைப்பைச் சொல்லும் எண்), 31 அங்குலம், பிளாஸ்டிக் இறகு, பளபளப்பான பெட்டி. வாங்குபவர் கையில் இருப்பதோ 40 பவுண்டு என்று எழுதிய ரீகர்வ் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) அல்லது லாங்போ (நெடிய வில்). இரண்டும் சேராது. ஏன் சேராது, அதற்குப் பதில் எதை வாங்குவது என்பதற்குத்தான் இந்த மதிப்பீடு.

வாங்க வேண்டியது சோதனைத் தண்டுக் கட்டு. சில ஆன்லைன் கடைகள் இதைத் தனிப் பொருளாகவே விற்கின்றன. மற்றவை கேட்டால் சேர்த்துக் கொடுக்கும். இறகு ஒட்டாத ஆறு கார்பன் தண்டுகள், 600, 700, 800 ஸ்பைனில் இரண்டிரண்டு. வெட்டாத முழு நீளம், அதாவது 30 முதல் 32 அங்குலம். நாக் (நாணைக் கவ்வும் வால் துண்டு) மாட்டி இருக்கும், இன்சர்ட் (முனையைத் திருகுவதற்காகத் தண்டுக்குள் ஒட்டும் குழல்) தனியாக இருக்கும், கூடவே 100, 125, 150 கிரெயினில் (சிறு எடை அளவு, 125 கிரெயின் 8.1 கிராம்) திருகு முனைகள். ஆறு தண்டு போதுமா என்றால், போதும். எந்த விறைப்பு உங்கள் வில்லுக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு டஜன் வாங்கிக்கொள்ளலாம்.

முதலில் எண்ணைப் புரிந்துகொள்வோம், ஏனென்றால் இங்கேதான் பலருக்கும் தலைகீழாகப் போகிறது. கார்பன் தண்டில் 500 என்று போட்டிருந்தால், 28 அங்குல இடைவெளியில் இரண்டு முட்டு கொடுத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் தண்டு 0.500 அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர் தொய்கிறது என்று பொருள். 800 என்றால் 20.3 மில்லிமீட்டர். எண் பெரிதானால் தண்டு இளகல். மரத் தண்டில் கணக்கு எதிர்ப்பக்கம்: 26 அங்குல இடைவெளி, 2 பவுண்டு எடை, 26ஐ அந்தத் தொய்வால் வகுத்து வரும் விடையைப் பவுண்டில் எழுதுவார்கள். அங்கே எண் பெரிதானால் விறைப்பு. ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றிப் பார்த்தால் கார்பன் 1000 என்பது மரக் கணக்கில் சுமார் 31 பவுண்டு, 800 என்பது 39, 700 என்பது 45, 600 என்பது 52, 500 என்பது 63. "30–50" பெட்டியில் இருக்கும் தண்டு, மரத்தில் என்றால் அறுபது பவுண்டு வில்லுக்குச் செதுக்கிய தண்டு. இதைத் தெரிந்துகொண்டால் பெட்டியின் வாசகத்துக்கு எவ்வளவு மதிப்பு கொடுப்பது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

விறைப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? நாண் வில்லின் நடுக்கோட்டில் ஓடுகிறது. அம்போ கைப்பிடியின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. விரலை விட்டதும் நாண் அம்பின் வாலை நடுக்கோட்டை நோக்கித் தள்ள, தண்டு வளைந்து, கைப்பிடியைச் சுற்றிப் போய், எதிர்ப்பக்கம் வளைந்து, அப்படியே ஆடிக்கொண்டு பறக்கிறது. 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகக் கேமராவில் படம் பிடித்துக் காட்டிய சங்கதி இது. தண்டு அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால் வளையாமல் கைப்பிடியில் உரசி இடப்பக்கம் ஒதுங்கும். இளகலாக இருந்தால் அதிகம் வளைந்து வலப்பக்கம் போகும். (வலக்கையால் மூன்று விரலில் இழுப்பவருக்கான கணக்கு இது. இடக்கைக்காரர்கள் திருப்பிக்கொள்ளவும். குதிரைவீரர் பாணிச் சிறு வில்லை, கட்டைவிரலில் மோதிரம் மாட்டி, அம்பை வில்லின் வலப்பக்கம் வைத்து எய்யும் குதிரைவில்காரர்களுக்கும் தலைகீழ்தான்.)

தண்டைத் தேர்வு செய்வதற்கு முன் வில்லின் உண்மையான பலத்தை அளந்துவிட வேண்டும். வில்லில் "40#@28" என்று எழுதியிருப்பது 28 அங்குலம் இழுத்தால் வரும் பலம். நம் ஆட்களில் பெரும்பாலோர் அவ்வளவு இழுப்பதில்லை. இரு கைகளையும் விரித்து, விரல்நுனியிலிருந்து விரல்நுனி வரை அளந்து 2.5ஆல் வகுத்தால் இழுப்பு நீளம் ஏறக்குறைய வந்துவிடும். 165 சென்டிமீட்டர் விரிவு என்றால் 66 சென்டிமீட்டர், அதாவது 26 அங்குலம். ஒவ்வொரு அங்குலம் குறைவதற்கும் இரண்டரை பவுண்டு அளவுக்குப் பலம் குறையும். ஆக, 40 பவுண்டு வில் அவர் கையில் 35 பவுண்டுதான். சந்தேகம் இருந்தால் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை நாணில் மாட்டி, அம்பில் ஒட்டிய டேப் அடையாளம் வரை இழுத்துப் பாருங்கள், கிலோவை 2.2ஆல் பெருக்கினால் பவுண்டு. 35 பவுண்டுக்குத் தராசு கிட்டத்தட்ட 16 கிலோ காட்ட வேண்டும்.

இனி மரக் கணக்கில் ஒரு வாய்ப்பாடு. அம்பு 28 அங்குலம், முனை 125 கிரெயின், நாண் டாக்ரான் (கொஞ்சம் நீண்டு கொடுக்கும் நூல்), அம்பு உட்காரும் தட்டு ஏறக்குறைய நடுக்கோடு வரை வெட்டிய வில். இவை நான்கும் இருந்தால், கையில் வரும் பலம் எவ்வளவோ அதே அளவு அல்லது ஐந்து பவுண்டு கூடுதல் விறைப்பு. 35க்கு 35–40. அம்பு ஒரு அங்குலம் நீண்டால் ஐந்து பவுண்டு கூட்டுங்கள். முனை 25 கிரெயின் கூடினால் ஐந்து கூட்டுங்கள். நாண் டாக்ரான் இல்லாமல் நீளாத நவீன நூலாக இருந்தால் இன்னும் ஐந்து. கைப்பிடியில் வெட்டே இல்லாத ஒற்றை மர வில், குதிரைவில் என்றால் பத்து கழியுங்கள். அம்பு சுற்றிப் போக வேண்டிய தூரம் அங்கே அதிகம்.

இந்த வாய்ப்பாட்டை வைத்துப் பார்த்தால் கட்டின் அருமை தெரியும். நம் 35 பவுண்டு ஆளுக்கு 800 தண்டு (மரக் கணக்கில் 39) 28 அங்குலத்தில் 125 முனையோடு ஒத்துவரும். 700 தண்டு (45) வெட்டாமல் 30 அங்குலத்தில் விட்டால், கூடுதல் இரண்டு அங்குலத்துக்கு அதன் விறைப்பில் பத்து கழிந்து 35க்கு வரும். 600 தண்டைக்கூட 30 அங்குலம், 150 முனை என்று போட்டால் 37 அளவுக்கு இறக்கிவிடலாம். மூன்று வழியிலும் ஒரே இடம்தான். எங்கள் தேர்வு நடுவில் இருப்பது, அதாவது 700. வெட்டுவதற்கு நீளம் மிச்சம் இருக்கிறது. ஆறு மாதத்தில் கை பலப்பட்டு இழுப்பு கூடினால் அரை அங்குலம் வெட்டிச் சரிசெய்யலாம். 800ஐ 28க்கு வெட்டிவிட்டால் பிறகு முனையைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அம்பின் நுனியைக் குறியில் வைத்துப் பார்த்து எய்பவர்களுக்கு நீள அம்பு வேறொரு வகையிலும் வசதி: அம்பு நுனிக்கும் குறிக்கும் உள்ள இடைவெளி குறையும்.

குதிரைவில்காரர்களுக்கு இந்தக் கட்டு அரைகுறைதான். 35ல் பத்து கழித்தால் 25–30 பவுண்டு வருகிறது. 900, 1000 தண்டு கட்டில் கிடையாது. 800 தண்டை 30 அங்குலத்துக்குக் கீழே வெட்டாமல் வைத்துச் சமாளிக்கலாம். அதற்கு மேல் இளகல் வேண்டும் என்றால் மூங்கில் பக்கம் போவதே நல்லது.

பிரித்ததும் முதல் வேலை, ஒட்டிய எண்ணைச் சரிபார்ப்பது. ஒரு பலகையில் 71 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணி, நடுவில் ஒரு எஸ் கொக்கி. மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசில் கொக்கியோடு சேர்த்து சரியாக 880 கிராம் வரும்படி ஒரு பையில் அரிசி கட்டிக்கொள்ளுங்கள். தண்டை ஆணிகள் மேல் வைத்து, எடை போடும் முன்னும் பின்னும் நடுப்புள்ளியின் உயரத்தை மில்லிமீட்டரில் குறியுங்கள். வித்தியாசத்தை 25.4ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் ஸ்பைன். அரை மில்லிமீட்டர் பிசகினாலே 20 எண் தள்ளிப்போகும் என்பதால் தண்டைக் கால் சுற்றுச் சுற்றாகத் திருப்பி நான்கு முறை அளந்து சராசரி எடுங்கள். நான்கு அளவும் ஒன்றுக்கொன்று அதிகம் மாறினால் அந்தத் தண்டின் சுவர் ஒரு பக்கம் தடிப்பு. அப்படிப்பட்ட தண்டைத் திருப்பி அனுப்பலாம். தண்டின் கோணல் 0.003 அங்குலமா 0.006 அங்குலமா என்பதற்குக் கூடுதல் காசு கேட்பார்கள். விரலால் எய்யும் மரவில்லில், 20 மீட்டரில், அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 0.006 தாராளமாகப் போதும்.

கட்டோடு வரும் நாக் ஒரு குறை. பெரும்பாலும் மெல்லிய நாணுக்கு அளவெடுத்தது. டாக்ரான் பன்னிரண்டு இழை முறுக்கி, மேலே நூல் சுற்றிய நாணில் இறுக்கிப் பிடிக்கும். சரியான பிடிப்பு எது என்பதற்குச் சோதனை எளிது: அம்பை நாணில் மாட்டித் தொங்கவிட்டால் நிற்க வேண்டும், நாணை விரலால் சுண்டினால் விழ வேண்டும். விழவில்லை என்றால் நாணின் நடுச் சுற்று நூலைப் பிரித்து மெல்லிய நூலால் திரும்பச் சுற்றுங்கள். இறுகிய நாக்கோடு எத்தனை சோதனை செய்தாலும் விறைப்பு பற்றி ஒன்றும் தெரியவராது. அம்பு ஒவ்வொரு முறையும் நாணிலிருந்து கழன்று வரும் விதமே மாறிக்கொண்டிருக்கும்.

இன்சர்ட்டை ஒட்ட மெழுகு மாதிரி உருகும் ஹாட் மெல்ட் பசை போதும், அதுவும் குறைந்த சூட்டில் உருகும் ரகம். சூடு காட்ட வேண்டியது முனைக்கு. தண்டுக்கு ஒருபோதும் நெருப்பு காட்டக் கூடாது. கார்பன் நாரைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் சூட்டில் கெட்டுவிடும், வெளியே பார்த்தால் தெரியாது, நாணில் வைத்து விடும்போது பிளக்கும். அதனால் முனையை இன்சர்ட்டில் திருகி, முனையை இடுக்கியில் பிடித்து மெழுகுவத்தியில் காட்டி, இன்சர்ட் மேல் பசை தடவி, சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளுங்கள். இந்தப் பசையில் ஒட்டினால் பிறகு முனையைக் கொதிக்கும் நீரில் காட்டி உருவி எடுத்து, வெட்டி, திரும்ப ஒட்டலாம். சோதனைக் கட்டத்தில் எப்பாக்ஸி போடுபவர் தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறார்.

வெட்டுவதற்கு இரும்பு ரம்பம் ஆகாது, நார் பிய்ந்து போகும். அலுமினிய ஜன்னல் கடை மெஷினில் பல் வைத்த பிளேடு இருக்கும், அதுவும் ஆகாது. டைல்ஸ் ஒட்டுபவரிடம் இருக்கும் சின்ன கிரைண்டரில் ஒரு மில்லிமீட்டர் மெல்லிய கட்டிங் டிஸ்க் மாட்டி, வெட்டும் இடத்தில் செல்லோடேப் இரண்டு சுற்றுச் சுற்றி, தண்டை உருட்டிக்கொண்டே வெட்டினால் சுத்தமாக வரும். முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது, தோலில் பட்டால் மாலை வரை அரிக்கும். வெட்டிய முனையைத் தரையில் விரித்த உப்புத்தாளில் செங்குத்தாக வைத்துச் சுற்றித் தேய்த்தால் சமமாகிவிடும். ஒரு முறைக்குக் கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டருக்கு மேல் வெட்டாதீர்கள். இழுப்பு நீளத்தைவிட ஒரு அங்குலமாவது தண்டு நீண்டிருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் முழு இழுப்பில் முனை தட்டைவிட்டு உள்ளே வந்து கையில் பாயும்.

இப்போது எய்து பார்க்கும் கட்டம். கடற்கரைப் பக்கம் மதியத்துக்கு மேல் கடல்காற்று எழுந்துவிடும். இறகில்லாத தண்டு அந்தக் காற்றிலேயே ஒரு சாண் தள்ளிப்போகும். காலை ஏழு மணிக்குள், அல்லது மூடிய கொட்டகைக்குள் செய்யுங்கள். தேவனாம்பட்டினம் மணலில், ஆள் நடமாடும் இடத்தில், வேண்டவே வேண்டாம். பின்னால் மண்சுவரோ கெட்டியான தடுப்போ இருக்கும் தனி இடமாக இருக்கட்டும். இலக்குக்கு அறுவடை முடிந்த வயலில் மெஷின் கட்டிய வைக்கோல் கட்டு நன்றாகவே தாங்கும். ஒன்று கவனம்: வைக்கோலில் அம்பு குத்தி நிற்கும் சாய்வை நம்பாதீர்கள். வைக்கோல் இழை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் தண்டைத் திருப்பிவிடும். எந்த இடத்தில் பட்டது என்பதை மட்டும் பாருங்கள்.

சோதனைக்கு அதே விறைப்பில், அதே நீளத்தில், அதே முனையில் இறகு ஒட்டியதும் ஒட்டாததும் வேண்டும். கட்டில் இரண்டிரண்டு தண்டு கொடுப்பது இதற்காகத்தான்: ஒன்றில் மூன்று இறகு ஒட்டிவிடுங்கள், மற்றதை மொட்டையாக விடுங்கள். இறகு என்றால் பறவை இறகு. பிளாஸ்டிக் இறகு தட்டில் இடித்து அம்பை எகிற வைக்கும், பறவை இறகு மடங்கிக் கொடுத்துப் போகும். வான்கோழிச் சிறகின் பெரிய இறகுதான் உலகம் முழுக்கப் பயன்படுவது. வான்கோழி வளர்ப்பவர் தெரிந்தவராக இருந்தால் கேட்டுப் பாருங்கள், குப்பையில் போவதுதானே. ஒரே அம்பில் வலச்சிறகு இறகையும் இடச்சிறகு இறகையும் மட்டும் கலக்காதீர்கள். நான்கு அங்குல நீளம் போதும். மூன்று இறகும் சேர்ந்து எட்டொன்பது கிரெயின் எடை. மொட்டைத் தண்டின் வாலில் அதே எடைக்கு டேப் சுற்றிவிட்டால் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

முதலில் மேல்கீழைச் சரிசெய்ய வேண்டும், பக்கவாட்டு அப்புறம். நாணில் அம்பு மாட்டும் இடத்துக்கான முடிச்சை, தட்டிலிருந்து நேர்கோணத்தில் வரும் கோட்டுக்கு 16 மில்லிமீட்டர் மேலே வைத்து ஆரம்பியுங்கள். பத்து மீட்டரில் இறகு அம்பு, மொட்டைத் தண்டு என மாற்றி மாற்றி எய்யுங்கள். மொட்டை கீழே பட்டால் முடிச்சு உயரம், ஒன்றரை மில்லிமீட்டர் இறக்குங்கள். மேலே பட்டால் ஏற்றுங்கள். மேலிருந்து ஆரம்பிப்பதற்குக் காரணம் உண்டு: முடிச்சு மிகவும் தாழ்ந்திருந்தால் அம்பின் வால் தட்டில் மோதி மேலே எகிறும், பார்ப்பதற்கு முடிச்சு உயரமாக இருப்பது போலவே தெரியும், நீங்கள் இன்னும் இறக்கிக்கொண்டே போவீர்கள்.

இரண்டும் ஒரே உயரத்தில் பட ஆரம்பித்ததும் பக்கவாட்டைப் பாருங்கள். மொட்டை இடப்பக்கம் பட்டால் விறைப்பு அதிகம்: 125ஐக் கழற்றி 150 முனை மாட்டுங்கள், அல்லது அடுத்த இளகல் தண்டுக்குப் போங்கள். வலப்பக்கம் பட்டால் இளகல்: 100 முனை, அல்லது கால் அங்குல வெட்டு. வெட்டுக்கு ஏன் இவ்வளவு பயம் என்றால், தொய்வு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மாறுகிறது. 30 அங்குலத்துக்கும் 28க்கும் இடையில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு வித்தியாசம். பத்து மீட்டரில் ஒத்துவந்த பிறகு பதினெட்டு மீட்டருக்குப் பின்வாங்குங்கள். அங்கே இறகு அம்புக் கூட்டத்திலிருந்து ஒரு விரற்கடை வலப்பக்கம் மொட்டை பட்டால் அப்படியே விட்டுவிடலாம்.

இந்தச் சோதனை பொய் சொல்லும் இடம் ஒன்று உண்டு, பலரும் அங்கேதான் மாட்டுகிறார்கள். அளவுக்கு மீறி விறைப்பான தண்டு கைப்பிடியில் அடித்து, வால் எதிர்ப்பக்கம் துள்ளி, இளகல் தண்டு போலவே வலப்பக்கம் போய்ப் படக்கூடும். எய்பவர் "இளகல்" என்று நினைத்து வெட்டுவார், இன்னும் விறைப்பாகும், இன்னும் அடிக்கும். 500 பெட்டி வாங்கியவர்களின் வழக்கமான கதை இதுதான். கண்டுபிடிக்க இரண்டு வழி. ஒன்று, காது: நல்ல அம்பு கிளம்பும்போது நாணின் சத்தம் மட்டும் கேட்கும், அடிக்கும் அம்பில் "டக்" என்று மரத்தில் தட்டும் சத்தம் சேர்ந்து கேட்கும். தண்டின் பின்பாதியில் முகப்பவுடரைப் பூசி எய்தால், அடித்த இடத்தில் பவுடர் வழித்து, கைப்பிடியில் கோடு விழுந்திருக்கும். இரண்டு, முனை: 25 அல்லது 50 கிரெயின் கனமான முனையைப் போட்டுப் பாருங்கள். நிஜமாகவே இளகல் தண்டு என்றால் இன்னும் வலப்பக்கம் போகும். இடப்பக்கம் வந்து கூட்டத்தோடு சேர்ந்தால் அது இளகலே இல்லை, விறைப்பு.

இன்னொரு குழப்பம் எய்பவரின் விரல். நாணைப் பின்னோக்கி விடாமல் பக்கவாட்டில் பிடுங்கி விடுபவருக்கு எந்தத் தண்டும் இடப்பக்கம்தான் போகும். மொட்டைத் தண்டு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பட்டால் தண்டைக் குறை சொல்லலாம். ஒருமுறை அங்கே, ஒருமுறை இங்கே என்று சிதறினால் தண்டை விட்டுவிட்டு விரலைக் கவனியுங்கள். விறைப்பைப் பார்க்கும் தகுதி அந்தச் சோதனைக்கு அன்றைக்கு இல்லை.

சின்ன வித்தியாசத்துக்குத் தண்டை மாற்ற வேண்டாம். தட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தோல் துண்டின் தடிமனைக் கூட்டிக் குறைத்தாலே போதும். தோலுக்கு அடியில் ஒரு தீக்குச்சியைச் செங்குத்தாக வைத்தால் அம்பு நடுக்கோட்டிலிருந்து வெளியே வந்து இளகல் தண்டுக்கு ஒத்துவரும். தோலை மெலிதாக்கினால் விறைப்புத் தண்டுக்கு. நாணை முறுக்கி, நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளியை ஏற்றி இறக்கியும் கொஞ்சம் சரிக்கட்டலாம், ஆனால் வில் செய்தவர் சொன்ன அளவுக்குள்.

எடையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மரவில்லுக்கு ஒரு பவுண்டுக்கு 8 முதல் 10 கிரெயின் அம்பு எடை வேண்டும். 35 பவுண்டுக்கு 280 முதல் 350. அதற்குக் கீழே போனால் நாணின் பலம் அம்புக்குப் போகாமல் வில்லின் தோள்களையே திரும்ப அடிக்கும். அங்குலத்துக்கு ஏழு கிரெயின் தண்டு 28 அங்குலத்தில் 196, முனை 125, மீதி எல்லாம் சேர்த்து 355 அளவில் வரும். நகைக்கடைத் தராசில் 23 கிராம். கட்டில் வரும் முனைகளையும் அதே தராசில் போடுங்கள்: 125 என்றால் 8.1 கிராம், 100 என்றால் 6.5. எண் பொறித்த முனையெல்லாம் அந்த எடை இருக்கும் என்று சொல்வதற்கில்லை.

மற்ற ரகங்கள் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. அலுமினியத் தண்டில் விறைப்பு ஒன்றுக்கொன்று மாறாமல் இருக்கும். ஈஸ்டன் 1716 என்றால் 17/64 அங்குலப் பருமன், 0.016 அங்குலச் சுவர், ஸ்பைன் 880. 35 பவுண்டுக்கு அருமையான தண்டு. ஆனால் குறி தப்பி நம் செம்மண் சரளையில் போய்க் குத்தினால் வளைந்துவிடும். கெட்டி ஃபைபர்கிளாஸ் அம்பு பிள்ளைகளின் 15–20 பவுண்டு வில்லுக்கு மட்டும்.

மரம் தனி ருசி. உலகப் போட்டி விதிகளில் லாங்போ பிரிவுக்கு மர அம்புதான் என்பதால் போட்டி எண்ணம் உள்ளவர் கடைசியில் இங்கேதான் வந்தாக வேண்டும். ஒரு டஜனுக்குள் விறைப்பு ஐந்து பவுண்டுக்குள்ளும், எடை பத்து கிரெயினுக்குள்ளும் இருக்கிற மாதிரி பொறுக்கித் தருகிறவரிடம் மட்டும் வாங்குங்கள். மரத்தின் ரேகை விளிம்பு வில்லைப் பார்த்திருக்கும்படி நாக் ஒட்ட வேண்டும், அந்தப் பக்கம்தான் விறைப்பு அதிகம். மேல்பக்கத்தில் ரேகை ஈட்டிமுனை போல முடியும் இடங்கள் அம்பு முனையை நோக்கி இருக்கட்டும். உடைந்தால் சிராய் கையைவிட்டு விலகிப் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் மரத்தில் ஏறி விறைப்பு இறங்கும், தண்டு கோணும். அதனால் தண்டை வார்னிஷ் போட்டு, படுக்க வைத்து அல்லது நேராகத் தொங்கவிட்டு வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் போச்சு. வழிநெடுகத் தோப்பாக நிற்கும் சவுக்கைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். கனமான கட்டை, காயும்போது முறுக்கும், வெடிக்கும்.

மூங்கில் விறைப்பு விஷயத்தில் கொஞ்சம் மன்னித்துக்கொடுக்கும், வளைந்தால் அனலில் வாட்டி நிமிர்த்தலாம். கணு ஒவ்வொன்றையும் தேய்த்து மட்டமாக்கியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். வீட்டில் வைத்த மூங்கில் அம்புக் கட்டுக்கு அடியில் மாவு மாதிரி பொடி கிடந்தால் உளுத்துவிட்டது என்று அர்த்தம். அந்த அம்பை எய்யாதீர்கள்.

கார்பனுக்கும் அதே எச்சரிக்கை. ஒவ்வொரு முறையும், குறிப்பாகக் கல்லிலோ இன்னொரு அம்பிலோ பட்ட பிறகு, இரு முனையையும் பிடித்து லேசாக வளைத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். "கிர்" என்று சின்னச் சத்தம் வந்தாலும், விரலில் நார் நெருடினாலும் அங்கேயே ஒடித்துப் போட்டுவிடுங்கள். பிளந்த கார்பன் நாணிலிருந்து கிளம்பும்போது வில் பிடித்த கையில் ஏறும். இரும்பு முனைகளை எய்து முடித்ததும் எண்ணெய்த் துணியால் துடையுங்கள். உப்புக்காற்றில் ஒரு வாரத்தில் துரு பிடித்து இன்சர்ட்டோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு கழற்றி முனை மாற்றுவது எங்கே?

மொத்தத்தில் கட்டுக்கு ஐந்தில் நான்கு கொடுக்கலாம். நாக், 900 தண்டு இல்லாதது, இறகு சேராதது மூன்றும் சேர்ந்து ஒன்றைக் குறைக்கின்றன. 500 பெட்டி 55 பவுண்டுக்கு மேல் இழுப்பவர் கேட்டால் தரலாம், மற்றவருக்கு வேண்டாம்.

ஆர்டர் போடும்போது குறிப்பில் இவற்றை எழுதிவிடுங்கள்: இறகு ஒட்ட வேண்டாம், நீளம் வெட்ட வேண்டாம், இன்சர்ட் ஒட்ட வேண்டாம், ஒவ்வொரு தண்டிலும் ஸ்பைன் எண் தெரிய வேண்டும். அட்டைப் பெட்டியில் வந்தால் கூரியர் வேனில் மேலே மூட்டை ஏறித் தண்டு நசுங்கும். இரண்டு பக்கமும் மூடி போட்ட பிவிசி குழாயில் அனுப்பச் சொல்லுங்கள். பிரிக்கும்போது போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.